ஜெகபர் அலியின் புது வயிறு

பழவேற்காட்டிலிருந்து பசியாவரத்துக்குப் போகும் படகில் ஜெகபர் அலி ஏறுவதாக இருந்தால், மற்றவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் படகுக்காரன் பெருமாள் முதலிலேயே தீர்மானித்துவிடுவான். ஜெகபர் பாய் நட்டநடுவில். அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் சமமாக. ஐஸ் பெட்டி முன்முனையில். இறால் வாங்கப் போகிற வியாபாரி என்ற மரியாதையெல்லாம் கரையோடு சரி. தண்ணீரில் அவரும் ஒரு சரக்குதான்.

"தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிடு பாய், நாங்க புடிச்சிக்கிறோம்" என்பான் பெருமாள்.

இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளில்லை ஜெகபர் அலி. தன் உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு ஜமீன்தாரின் கர்வம் இருந்தது. விருந்து வீடுகளில் அந்தக் கர்வம் எழுந்து நடமாடும். அங்கே இலை போட்டுத் தனித்தனியாகச் சாப்பிடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். ஜெகபர் அலியின் சஹனில் மட்டும் மூன்று பேர். நாலாவது ஆளும் அவரேதான் என்பது ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். விவரம் தெரியாத வெளியூர்க்காரன் எவனாவது அங்கே நாலாவதாக வந்து உட்கார்ந்தால், தாளித்த வாசனையோடு மட்டும் வீடு திரும்புவான்.

கர்வத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் படி ஏறும்போது அழுதன. ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு வேறு மாத்திரைகள். உள்ளூர் டாக்டர் மாசிலாமணி சொல்லிக்கொடுத்தபடி, தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரைச் சொட்டுவிட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்காவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். இறங்கினால் பச்சை, மஞ்சள் என்று மாறி, மிதமிஞ்சிப் போனால் செங்கல் நிறத்துக்கு வரும். ஜெகபர் அலியின் குழாயில் தினமும் சூளைதான். குறட்டையோ தெருவுக்கே பொதுச்சொத்து. அது திடீர் திடீரென்று நின்றுபோகும். நிற்கும்போதெல்லாம் அவர் மனைவி கரீமா மூக்கடியில் விரலை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் மகள் லத்தீபாவுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பனார் முகைதீன் அரிசி மில் வைத்திருந்தவர். தராசுத் தட்டைப் போல அகலமான முகம். மனிதர்களை எடைபோட அவரிடம் ஒரே படிக்கல்தான் உண்டு: சாப்பாடு. தட்டில் கொறிக்கிறவன் மனசில் எதையோ ஒளிக்கிறான் என்பது அவர் கட்சி. முதலில் பார்த்த ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் தகப்பன் விரல்நுனியால் சோற்றைக் கிளறினான் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றவர். நிச்சயதார்த்தத்தில் ஜெகபர் அலியோடு ஒரே சஹனில் உட்கார்ந்தார். தட்டு துடைத்துவிட்டதுபோல் ஆனதும் ஏப்பத்தோடு எழுந்து, இதுதான் குடும்பம் என்று சபையில் சொன்னார். நெல் அறுவடை முடிந்து மில் வேலை ஓய்ந்த பிறகு கல்யாணம் என்று முடிவாயிற்று.

அறுவடைக்கு நிறைய நாள் இருந்தது. அதற்குள் முழங்காலைக் காட்டி வரலாம் என்று மைத்துனரோடு மெட்ராஸ் போனார். முழங்கால் டாக்டர் முழங்காலைப் பார்க்கவே இல்லை. மேலே இருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். அந்தச் சர்ஜன் ஒரு படம் வரைந்து காட்டினார். வயிற்றின் மேல்பாகத்தில் தையல் போட்டு ஒரு சின்னப் பை மாதிரி ஆக்கிவிடுவாராம். ஒரு கைப்பிடி சோற்றிலேயே நிறைந்துவிடுமாம். உடம்பு இளைத்தால் கொதிப்பும் சர்க்கரையும் குறட்டையும் தாமாக இறங்கி வருமாம். எண்பத்து நாலாம் வருஷத்தில் அப்படி ஒரு ஆபரேஷன் இருக்கிறது என்பதே பழவேற்காட்டில் யாருக்கும் தெரியாது. ஜெகபர் அலிக்கு அதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

ஏனென்றால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து சிரிக்கும். ஊர் சிரித்தால்கூடப் போகட்டும். ஆரம்பாக்கத்துக்குச் செய்தி போனால் லத்தீபா கதி? ஆகவே ஊருக்கு அவர் கொடுத்த செய்தி: குடல்வால் ஆபரேஷன். கரீமாவுக்கும் மைத்துனருக்கும் மட்டும் உண்மை தெரியும். இருவரும் குர்ஆன் மேல் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் ஒன்றை அழுத்திச் சொன்னார். சாப்பாடு குறைந்துவிட்டதால் பழைய மாத்திரைகள் பழைய அளவில் ஆகாது. உடனே உள்ளூர் டாக்டரிடம் போய், நடந்ததைச் சொல்லி, அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஜெகபர் அலி பணிவாகத் தலையாட்டினார். உள்ளூர் டாக்டரிடம் நடந்ததைச் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் அவர் கணக்கில் ஒன்றுதான்.

மாசிலாமணியும் விடவில்லை. கடைத்தெருவில் மடக்கி, குடல்வால் தையலைப் பார்க்க வேண்டும், வந்து படுங்கள் பாய் என்றார். குடல்வாலுக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் விரல் நீளத்துக்குத்தான் கீறுவார்கள். ஜெகபர் அலிக்கோ நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ரயில் தண்டவாளம். அன்று முதல் டாக்டரின் சைக்கிள் மணி கேட்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். உடம்பு இளைக்க இளைக்க அந்தச் சந்தில் திரும்புவதும் சுலபமாயிற்று.

உடம்பு நிஜமாகவே கரைந்தது. முழங்கால் அழுகையை நிறுத்தியது. குறட்டை போய்விட்டது. அதனால் கரீமாவுக்குத் தூக்கம் போயிற்று. சத்தமே இல்லாத புருஷனை நம்புவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை. பெருமாள் ஒருநாள் அவரைப் படகின் ஓரத்தில் உட்கார வைத்தான். ஜெகபர் அலி வாழ்க்கையில் முதல்தடவையாக ஏரியில் கை நனைத்தார். குடல்வால் போனதற்கா பாய் இவ்வளவு இளைத்தீர்கள், அது என்ன சுறாவா என்று பெருமாள் கேட்டான். மகள் கல்யாணக் கவலை என்று பதில் சொன்னார்.

காலையில் குழாயில் நீலம். மறுநாளும் நீலம். ஏரி மேல் வானம் வெளுக்கும்போது இருக்குமே, அந்த நீலம். ஜெகபர் அலி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்தார். இத்தனை வருஷம் தூங்கிக்கொண்டிருந்த மாத்திரை இப்போதுதான் விழித்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டினார். நன்றாக வேலை செய்கிற ஆளை யாராவது நிறுத்துவார்களா? மாத்திரைகளை ஒருவேளைகூட விடாமல் விழுங்கினார்.

பிறகு மயக்கம் வந்தது. தொழுகையில் குனிந்து நிமிர்ந்தால் பள்ளிவாசல் தூண்கள் இடம் மாறி நின்றன. முற்பகல் வேளைகளில் கை நடுங்கும், ஜிப்பா நனைந்து உடம்போடு ஒட்டும், எதிரில் நிற்பவரின் பெயர் மறந்துபோகும். ஒருநாள் இறாலை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் தராசையே முறைத்துப் பார்த்தபடி நின்றுவிட்டார். கண்ணேறு என்றாள் கரீமா. அத்தனை பெரிய உடம்பு திடீரென்று கரைந்தால் ஊர்க்கண் சும்மா இருக்குமா? பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டி வந்தாள்.

ஹஜ்ரத் வழக்கப்படி ஓதி, ஒரு கற்கண்டில் ஊதி வாயில் போட்டார். ஜெகபர் அலி கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹஜ்ரத்துக்கு டீ சொன்னீர்களா என்று கேட்டார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். கற்கண்டின் புகழ் கோட்டைக்குப்பம் வரை போயிற்று. அங்கிருந்து தலைவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் கற்கண்டு பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் குணம் தெரியவில்லை. ஹஜ்ரத்துக்கு இது உறுத்தியது. நேர்மையான மனிதர். ஒரு நாள் ஜெகபர் அலியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"நான் வாலிபத்துலேர்ந்து ஓதுறேன் பாய். ஓதி முடிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து குந்துன ஆளு நீங்க ஒருத்தர்தான். இது என் ஓதல் இல்ல. டாக்டராண்ட போங்க."

கல்யாணம் முடியட்டும் ஹஜ்ரத், போகிறேன் என்றார் ஜெகபர் அலி. அதுவரைக்கும் கற்கண்டை மட்டும் ஊதிக் கொடுத்து வையுங்கள்.

கல்யாண நாள் நெருங்க நெருங்க அவருக்கு மயக்கம் பெரிதாகத் தெரியவில்லை. சஹன்தான் தெரிந்தது. அந்த இரண்டு குடும்பங்களிலும் ஒரு வழக்கம்: நிக்காஹ் முடிந்ததும் இரண்டு சம்பந்திகளும் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முகைதீன் எதிரில் இருப்பார். அந்தப் படிக்கல் பார்வையோடு இருப்பார். அந்தப் பார்வையின் முன்னால் மூன்று பிடியில் கையைக் கழுவினால், இந்த வீட்டு உப்பு உங்களுக்கு வேண்டாமா, மனசில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். போகிற இடத்தில் முதல் நாளே லத்தீபா அந்தக் கேள்விக்குக் கீழே நிற்க வேண்டும்.

ஆகவே ஜெகபர் அலி ஒரு திட்டம் போட்டார். வியாபாரி அல்லவா, சரக்கு வரும் முன் கிடங்கைக் காலி செய்யத் தெரியும். கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. வயிற்றில் இருக்கிற இத்துனூண்டு இடத்தையும் முழுசாகச் சம்பந்திக்கே ஒதுக்கி வைத்தார். அது போதாதென்று, மத்தியானம் பிரியாணியும் அல்வாவும் உள்ளே போகுமே, சர்க்கரை ஏறுமே என்று முன்ஜாக்கிரதையாக ஒரு மாத்திரையைக் கூடுதலாகவே போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் விருந்துக்கு முன்னால் செய்கிற காரியம்தான் இது. அவர்கள் விருந்து சாப்பிடுவார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்தலில் ஜமுக்காளம் விரித்து சஹன்கள் வந்தன. நடுநாயகமான சஹனில் ஜெகபர் அலி, எதிரில் முகைதீன், ஒரு பக்கம் ஹஜ்ரத். ஊர்ச் சட்டப்படி மூன்று பேர் போதும் என்றுதான் பரிமாறுகிறவர்கள் நினைத்தார்கள். ஆனால் முகைதீன், இந்த ஊர் டாக்டர் தனியாக நிற்கிறாரே என்று மாசிலாமணியைக் கையைப் பிடித்து இழுத்து நாலாவது பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். ஜெகபர் அலி டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். ஒளிய அங்கே சந்து இல்லை.

முதல் பிடியை முகைதீன் வாயால் புகழ்ந்தபடி எடுத்தார். நல்ல நெஞ்செலும்புத் துண்டாகத் தேடி சம்பந்தியின் பக்கம் தள்ளினார். ஜெகபர் அலி கையை நீட்டினார். கை தட்டுக்குப் போகாமல் அதன் விளிம்புக்கு வெளியே, ஜமுக்காளத்தில், இல்லாத சோற்றைப் பிசைந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. முகைதீனை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் அடையாளம் இல்லை.

"பெருமாளு, ஓரமா குந்தாத. படகு சாயுது பாரு. நவுந்து குந்து."

ஆரம்பாக்கம் அரிசி மில் முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சம்மந்தி, சாப்புடுங்க" என்றார் குரலைத் தணித்து.

"எங்க வைக்கிறது?" ஜெகபர் அலி குழந்தையைப் போலத் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "தெச்சிட்டாங்கப்பா. மெட்ராஸ்ல தெச்சிட்டாங்க. இம்மாத்தூண்டு தான் வுட்டு வெச்சிருக்காங்க. ஆரம்பாக்கத்துக்காரர்க்கு மட்டும் சொல்லிடாத."

ஆரம்பாக்கத்துக்காரர் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. ஹஜ்ரத் ஓதத் தொடங்கினார். மாசிலாமணி அதற்குள் ஜெகபர் அலியின் ஜிப்பாவை இழுத்துத் தூக்கி, தையல் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, விட்டார். இத்தனை மாதமாகச் சந்து சந்தாக ஓடியது எதற்கு என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நீங்க ஓதுங்க ஹஜ்ரத்" என்றார் டாக்டர். "கூடவே அந்த அல்வா உள்ள போவட்டும்."

அல்வாவை விரலில் எடுத்து ஜெகபர் அலியின் ஈறில் தடவினார். முழுங்க வருகிறது என்று தெரிந்ததும் சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அக்கம்பக்கத்துச் சஹன்களில் கைகள் நின்றன. கழுத்துகள் நீண்டன. கொஞ்ச நேரத்தில் ஜெகபர் அலியின் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார். எதிரில் இருந்த முகத்தை அடையாளம் கண்டார். தான் என்ன பேசினோம் என்பது நினைவில்லை. ஆனால் மூன்று பேரும் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் எல்லாம் புரிந்தது.

மாசிலாமணி தாழ்ந்த குரலில் திட்டினார். திட்டும்போது மெல்லவே பேசுகிற மனிதர். "பானைய சின்னதாக்கிட்டு பழைய தீயவே எரிச்சிட்டு இருக்கீங்க பாய். அடிபுடிச்சிப் போவாதா? சர்க்கர தரையோட எறங்கிடுச்சி, அதான் இந்த மயக்கம். காலையில இன்னா சாப்ட்டீங்க?"

ஒன்றும் இல்லை, மாத்திரை மட்டும் ஒன்று கூட என்றார் ஜெகபர் அலி. டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். இனி தன்னைப் பார்க்காமல் ஒரு மாத்திரையும் தொடக் கூடாது, கொதிப்பு மாத்திரையும் சேர்த்துத்தான் என்றும், நாளைக் காலையில் வராவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுவேன் என்றும், இப்போது இரண்டு வாய் சோற்றை நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஜெகபர் அலி டாக்டரைப் பார்க்கவில்லை. முகைதீனைத்தான் பார்த்தார். முகைதீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயப் போகிறது என்று தெரியவில்லை.

"நிச்சயத்துல அவ்ளோ சாப்ட்டீங்களே சம்மந்தி."

"அது பழைய வயிறு."

"என்கிட்ட ஏன் மறச்சீங்க?"

"கொறிக்கிறவன நீங்க நம்ப மாட்டீங்கன்னு சொன்னாங்க. எம் பொண்ணு உங்க வூட்டுக்கு வருது."

அதற்குள் பக்கத்துச் சஹனிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, என்ன ஆயிற்று, கறியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். முகைதீன் எழுந்து நின்றார். மில்லில் மூட்டைக் கணக்கு கூவிப் பழகிய குரல்.

"ஒண்ணும் இல்ல, போய்ச் சாப்புடுங்க. மகளப் பிரியிற துக்கத்துல மனுசன் காத்தாலேர்ந்து பச்சத் தண்ணி கூட பல்லுல படாம இருந்திருக்காரு. அதான் மயக்கம். இப்படி ஒரு வாப்பாவ நான் பாத்ததில்ல."

பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. ஆண்கள் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றுக்குத் திரும்பினார்கள். முகைதீன் உட்கார்ந்தார். யாரும் பார்க்காத நேரத்தில், தான் தள்ளிவிட்டிருந்த நெஞ்செலும்புத் துண்டைத் தன் பக்கம் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு ஜெகபர் அலி பக்கமிருந்த சோற்றிலும் ஒரு கரையை உடைத்தார். அந்தச் சஹன் ஏறக்குறைய முழுசாக அவருக்கே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. இனி எந்த விசேஷமானாலும் நீங்கள் என் சஹன்தான் சம்பந்தி, வேறு எவனோடும் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் முகைதீனின் குரல், பெண்கள் இருந்த திரைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருந்தது. பெண்கள் அழுதார்கள். கரீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லத்தீபா மட்டும் நிஜமாகவே அழுதாள். அவளுக்கு ஆபரேஷன் விவரம் தெரியாது. எனக்காக வாப்பா பட்டினி கிடந்தாரா என்று விம்மி, ஒரு பெரிய தட்டு நிறையச் சோறும் கறியும் தன் கையால் போட்டு அனுப்பினாள். கூடவே ஒரு சேதியும் வந்தது: வாப்பா இதைச் சாப்பிட்டு முடித்துக் காலித் தட்டு திரும்பி வந்தால்தான் காரில் ஏறுவேன்.

ஆரம்பாக்கம் கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் பெண்ணை வீடு சேர்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டு ஜெகபர் அலி உள்ளறைக்குள் போனார். உட்கார்ந்து அதைப் பார்த்தார். மலையாக இருந்தது. பசி தீர்ந்திருந்தது. பையும் நிறைந்திருந்தது. ஒரு பருக்கைக்கு இடமில்லை.

கதவு மெல்லத் திறந்தது. முகைதீன் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். ஒரு முழு சஹனை வயிற்றில் சுமந்துகொண்டு வந்ததில் மூச்சு வாங்கியது. தட்டைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். பந்தலில் அந்தத் துக்கப் பொய்யைச் சொன்னவர் யார் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை.

"தள்ளுங்க இப்படி" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஜெகபர் அலி விசிறியை எடுத்து வீசிவிட்டார். பாதித் தட்டில் முகைதீன் நிறுத்தி, சுவரில் சாய்ந்து, கூரையைப் பார்த்து இரண்டு மூன்று தடவை மூச்சு விட்டார். வெளியில் கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் தட்டின்மேல் குனிந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"தண்ணி குடிங்க சம்மந்தி" என்றார் ஜெகபர் அலி.

"பேசாதீங்க. தண்ணிக்கு இடம் இருந்தா சோறு போடுவேன்."

கடைசிப் பிடியை முகைதீன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஜெகபர் அலி தட்டை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த பருக்கையைத் தன் விரலால் வழித்து வாயில் போட்டு மென்றார். பிறகு தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் போய் மகளிடம் காட்டினார். லத்தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். மாமனாரைத்தான் கொஞ்ச நேரம் காணவில்லை. உள்ளறையிலிருந்து அவரை எழுப்பிக் கொண்டுவர இரண்டு ஆள் தேவைப்பட்டது.